ஒன்பதே கால் அங்குலம்

முதலில் தேதியைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அத்தைக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது 1964ஆம் ஆண்டு மாசி மாதம். பங்குனி என்று சொல்பவர்கள் எங்கள் குடும்பத்தில் இன்றும் உண்டு, அது சரியல்ல. பங்குனி உத்திரத்தன்று தெருவில் சாமி வந்தபோது அத்தை மொட்டைத் தலையில் அப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காய்ச்சல் இறங்கி, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, மிச்சத்தையும் மழித்த பிறகுதான் அந்தத் துண்டு வந்தது. ஆண்டிலும் சந்தேகமில்லை. அந்தக் கோடையில்தான் நயா பைசாவிலிருந்து ‘நயா’ போனது. நான் நான்காம் வகுப்புக்குப் போனேன்.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தார். அத்தை அவருடைய ஒரே தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு எங்களோடு இருந்தாள். அந்தத் தை மாதம்தான் அவளுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மேல வீதியில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத அவருக்கு எல்லாமே அவருடைய அக்காதான். வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

அந்த அக்கா சிதம்பரத்திலிருந்து வந்து அத்தையைப் பார்த்தார். பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் இப்படித்தான் சொன்னார்:

“ஒடம்புன்னா வர்றதுதான் தங்கச்சி, அதுக்கின்னா பண்றது? ஆனா மணவறையில பூச்சடை இல்லாம உக்கார வெச்சா ஊரு சும்மா இருக்குமா? சவுரி முடி கட்டலாம்தான். அந்தச் சவுரிக்குப் பிடிமானம் வேணுமில்ல? ஒரு சாண் வரட்டும். தேதி குறிச்சுடுவோம்.”

சாண் என்றால் ஒன்பது அங்குலம் என்று எனக்கு அப்போதே தெரியும். வளர்ந்தவர் கையால் அளந்தால் பத்துகூட வரலாம் என்பதும் தெரியும். அப்பா ஒன்பது என்றே வைத்துக்கொண்டார்.

கல்யாணம் தள்ளிப்போனதும், சும்மா இருக்கும் நேரத்துக்கு ஆசிரியர் பயிற்சியில் சேர்கிறேன் என்று அத்தை கேட்டாள். அப்பா மனுவில் கையெழுத்துப் போட்டார். ஆனி மாதம் சேர்ந்தாள். இரண்டு வருஷப் படிப்பு. முடிவது 1966 சித்திரையில். செய்தி போனதும் சிதம்பரத்திலிருந்து கார்டு வந்தது. படிப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கல்யாணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், வீட்டுக்கு வருகிற பெண் வேலைக்குப் போவது வழக்கமில்லை என்று எழுதியிருந்தார் மாப்பிள்ளையின் அக்காவான அந்த அம்மாள். பாதியில் நிறுத்திய படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது. ஆக, அத்தையின் தலையில் ஒரு சாண் முடி முதலில் வருமா, சான்றிதழ் முதலில் வருமா என்பதுதான் விஷயம். இது எனக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் முடி வர வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? வீட்டில் பேச்செல்லாம் முடியைப் பற்றியே இருந்தது.

அத்தைக்கு முன்பு இருந்தது இடுப்பு வரை தொங்கும் நேர் முடி. அப்பா பக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். புதிதாக முளைத்தது அப்படி இல்லை. ஆடி மாதவாக்கில் அது சிறு சிறு வளையங்களாகச் சுருண்டது. காய்ச்சல் சிலருக்கு இப்படிச் செய்யும் என்று டாக்டர் சொன்னார். தெருவிலோ ஆளுக்கொரு வைத்தியம். சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொன்னாள் ஒருத்தி. எண்ணெயை அப்பி, ஈருக்கு வாரும் நெருக்குப் பல் சீப்பால் தினம் நூறு தடவை வாரினால் சுருள் நிமிர்ந்துவிடும் என்றாள் இன்னொருத்தி. அத்தை எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்தாள். வாரும்போது சடசடவென்று சத்தம் கேட்கும். சீப்பு நிறைய அறுந்த முடி வரும். ஒரு நாள் அம்மா அந்தச் சீப்பைப் பிடுங்கினாள்.

“இனிமே இந்தத் தலைய ஒருத்தரும் தொடக் கூடாது. நீளமான முடிய வார்ற மாரி சுருட்டைய வாரினா அது அறுந்துதான் போவும். என் தலையப் பாத்தீங்களா, அஞ்சு வயசுலேர்ந்து இத வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டறேன்.”

அம்மாவுக்குச் சுருட்டை முடி. எனக்கும் அதுதான் வந்தது. அம்மா பிறந்த பரங்கிப்பேட்டையில் பக்கத்து வீட்டு ராவுத்தர் மலாயாவிலிருந்து தம் பெண்களுக்கென்று வாங்கி வந்த கொம்புச் சீப்பு ஒன்று அம்மாவின் கல்யாணத்துக்குப் பரிசாக வந்திருந்தது. பல்லுக்குப் பல் சுண்டு விரல் நுழையும். காய்ந்த முடியில் அந்தச் சீப்பை அம்மா வைக்கவே மாட்டாள்.

வாரம் இரண்டு நாள் அத்தையின் தலை அம்மா வசம் வந்தது. இரவே ஊறவைத்த வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் சேர்த்து அரைத்தால் கொழகொழவென்று வரும். அதைத் தலை முழுக்கப் பூசி, அது வழுக்கும்போதே கொம்புச் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே ஏறுவாள். சிக்கு வந்தால் சீப்பை நிறுத்தி விரலால் பிரிப்பாள். அரிசி களைந்த தண்ணீரில் அலசுவாள். துண்டால் துவட்டக் கூடாது. அப்பாவின் நைந்த வேட்டியில் பொதிந்து, தண்ணீரைப் பிழிந்து எடுக்க வேண்டும். ஈரம் பாதி இருக்கும்போது உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்து, நுனிகளை மட்டும் கசக்கி மேல்நோக்கி விடுவாள். பிறகு நிழலில் காய வேண்டும். காயும்வரை யாரும் தொடக் கூடாது.

இரண்டே மாதத்தில் முடி அறுவது நின்றது. வளையங்கள் பளபளவென்று, கறுத்த மணிகள்போலத் தலை முழுக்க நின்றன. பயிற்சிப் பள்ளிக்குத் தலையில் துண்டு போடாமல் அத்தை கிளம்பியது 1964 புரட்டாசியில்; அன்று தெருமுனை வரை நான் கூடவே போனேன்.

என் நோட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எதையும் தேதி போட்டு எழுதும் பழக்கம் எனக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது. எந்த நாள் மழை, பாசஞ்சர் எத்தனை நிமிஷம் தாமதம், பக்கத்து வீட்டுப் பூனை எத்தனை குட்டி என்று எல்லாம் எழுதுவேன். அளந்து எழுதாத எதையும் நம்பாத அப்பாவுக்கு இது பிடித்துப் போயிற்று. வயது வந்த தங்கையின் தலையைத் தொட்டு அவர் அளக்க முடியாது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வலது காதுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வளையத்தை, தையல்காரர் நாடாவால் அளக்க வேண்டும்.

“அளக்கற எடம் மாறக் கூடாது பாப்பா. போன வாரம் ஒரு எடம், இந்த வாரம் ஒரு எடம்னா அது அளவே இல்ல” என்றார் அப்பா.

மாதம் ஒரு முறை அந்த அளவு அப்பாவின் கார்டில் சிதம்பரம் போகும். 1965 சித்திரையில் மூன்றே முக்கால் அங்குலம். வைகாசியில் நாலு. ஆனியிலும் நாலு. அப்பாவின் முகம் சுருங்கும். “இப்படியே போனா எப்பதான் முடிக்கறது? தையில முடிச்சுடணும்னு பாக்கறேன்” என்பார். அத்தை வகுப்பெடுத்துக் காட்டுவதற்காக அட்டையில் யானையும் ஒட்டகமும் வரைந்துகொண்டிருப்பாள்.

அந்த ஆடி மாதம் அப்பா சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு சாலையை அளக்கப் போய் வந்தார். சாப்பிடும்போது நான் கேட்டேன்.

“சாலை வளைஞ்சு வளைஞ்சு போனா எப்படிப்பா அளப்பீங்க?”

“வளைவோடவே சங்கிலியப் பிடிச்சுக்கிட்டுப் போவணும். இந்த மொனையிலேர்ந்து அந்த மொனைக்கு நேராப் பாத்தா அது தூரமே இல்ல.”

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வருஷமாக நான் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத்தான் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா அலசி முடித்து, அத்தை வேட்டிப் பொதியை அவிழ்த்ததும், காய்வதற்குள் நான் நாடாவோடு போய் நின்றேன். அதே வளையத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. தோளைத் தாண்டியது. விட்டதும் சுருண்டு காதோரம் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் இழுத்து, நாடாவை வைத்துப் படித்தேன்.

“ஒன்பதே கால்!” என்று கத்தினேன். “அத்தே, ஒரு சாண் தாண்டிடுச்சு! அப்பா வந்ததும் சொல்றேன்.”

நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. அத்தையின் கை வேட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டது.

“அண்ணி” என்றாள் அத்தை.

அம்மா அம்மிக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டி, ஈர நெல்லப் போட்டு யாராச்சும் அளப்பாங்களா?”

“மாட்டாங்க.”

“ஏன்?”

“ஈரத்துல ஜாஸ்தி காட்டும்.”

“அதேதான். காஞ்சப்புறம் எம்மாம் இருக்கோ அதுதான் அளவு. ஈரத்துல அளந்தத அப்பாகிட்டப் போயி சொன்னின்னா, ஒரு வருஷமா அளந்தவளுக்கு இதுகூடத் தெரியலியேன்னு சிரிப்பாரு.”

அது எனக்கு நியாயமாகப் பட்டது. தப்பாக அளந்தேன் என்று பெயரெடுப்பதைவிட வேறு அவமானம் அப்போது எனக்குக் கிடையாது. முடி காய்ந்த பிறகு மறுபடி அளந்தேன். நாலே கால். அதையே அப்பாவிடம் சொன்னேன். ஆனால் பார்த்ததை எழுதாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. நோட்டில் நாலே காலுக்குக் கீழே தனி வரியாக, ‘ஈரத்தில் இழுத்து அளந்தது: ஒன்பதே கால்’ என்று எழுதிவைத்தேன். அம்மா நோட்டைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் இரண்டாம் முறை வந்தது 1965 ஐப்பசியில், தீபாவளி கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானோடு போர் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. பாசஞ்சர் அன்று இருபது நிமிஷம் தாமதம். தூக்கில் அதிரசம் கொண்டு வந்திருந்தார். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் அத்தையைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிப் பார்த்தார். கையை விரித்து ஒரு வளையத்தின்மேல் வைத்தார். பாதிக் கைக்குக்கூட வரவில்லை.

“முடி நல்லாத்தான் இருக்கு, பூ மாரி இருக்கு. ஆனா இருவது மாசமாச்சே! எங்கூட்டுக் கன்னுக்குட்டி வாலு இதுக்கு மேல வளந்துடுச்சு.”

“சுருட்டைக்கா. அது மெதுவாத்தான் கீழ எறங்கும்” என்றாள் அம்மா.

“எம் பொண்ணுக்கும் சுருட்டைதான் தங்கச்சி. வாரும்போதெல்லாம் அழுவுறா. இது மாரி பளபளன்னு இல்லியே, நீ என்னாதான் போடுற?”

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். வெந்தயம், செம்பருத்தி இலை, அரிசி களைந்த தண்ணீர், நைந்த வேட்டி, ஒன்றையும் மறைக்கவில்லை. கொம்புச் சீப்பை எடுத்துவந்து கையிலேயே கொடுத்தாள். “ஈரத்துல மட்டுந்தான் வாரணும்க்கா” என்றாள். அந்த அம்மாள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

“ஏங்க, தையில நாள் நல்லாருக்கு. தம்பிக்கும் முப்பதாவப் போவுது. நீங்க மாசா மாசம் எழுதறது சரிதானா? யாரு அளக்கறது?”

அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அளவு சரிதானா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

“பாப்பாதான் அளக்கறா. வாரம் தவறாம எழுதி வெச்சிருக்கு. கொண்டாம்மா உன் நோட்ட.”

நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். கொடுக்கும்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. ஈர நெல்லை அளந்த புத்திசாலி என்று சிதம்பரம் முழுக்கச் சிரிக்கப் போகிறார்கள். அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அத்தை கதவோரம் நின்று புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலுவலகப் பதிவேட்டை வாசிப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். சித்திரை, மூன்றே முக்கால். வைகாசி, நாலு. ஆனி, நாலு. ஆடி முதல் வெள்ளி, நாலு. ஆடி இரண்டாம் வெள்ளி, நாலே கால்.

விரல் அடுத்த வரியில் நின்றது. அப்பா தலையை நிமிர்த்தி, கண்ணாடிக்கு மேலாக அத்தையின் தலையைப் பார்த்தார். சேத்தியாத்தோப்புச் சாலையைப் பற்றிச் சொன்னபோது பார்த்த மாதிரியே எங்கேயோ பார்த்தார். அத்தை நிமிரவில்லை. சுவரில் யானையும் ஒட்டகமும் மாட்டியிருந்தன. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆடி மூணாம் வெள்ளி, நாலே கால்” என்று மேலே வாசித்துக்கொண்டு போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவமானம் தப்பியதே என்று இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டு வாசிப்பது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“அப்பா, ஒண்ணு...” என்று ஆரம்பித்தேன்.

“பாக்கு எடுத்தா போ, உள்ள அலமாரியில இருக்கு. போ போ, ஓடு” என்றாள் அம்மா. பாக்கு அவள் பக்கத்துத் தட்டிலேயே இருந்ததை நான் அலமாரி முழுக்கத் தேடிவிட்டுத் திரும்பி வந்துதான் பார்த்தேன். அதற்குள் ஐப்பசி வரை வாசித்து முடித்துவிட்டார்கள்.

“நாலே முக்காலு” என்று பெருமூச்சு விட்டார் அந்த அம்மாள். “கணக்குப்புள்ள எழுதினது தப்பாவா இருக்கும்? சரி, தை வேணாம். கோடையும் கழியட்டும். படிக்கறதையும் முடிச்சுட்டே வரட்டும்.”

கொம்புச் சீப்பைத் தம் பையில் வைத்துக்கொண்டு சாயங்கால வண்டிக்குப் போனார். அம்மா திருப்பிக் கேட்கவில்லை.

அத்தை 1966 சித்திரையில் பரீட்சை எழுதித் தேறினாள். கல்யாணம் அந்த ஆவணியில் சிதம்பரத்தில் நடந்தது. பூச்சடை தைக்க வந்த பெண் அத்தையின் தலையில் தண்ணீரைத் தெளித்து, ஒரு கற்றையை இழுத்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். “என்னாம்மா, முடியே இல்லன்னு சொன்னாங்க, முக்கால் மொழத்துக்கு மேல இருக்கே! சவுரியே வேணாம் போலிருக்கு!”

அறையில் இருந்த எல்லோரும் மாப்பிள்ளையின் அக்காவைப் பார்த்தார்கள். அவர் தம் மகளுக்கு வாரிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் முடியும் இப்போது மணி மணியாகச் சுருண்டிருந்தது. ஈரத்தில் கொம்புச் சீப்பை நுனியிலிருந்து மேலே ஏற்றியபடி, அம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

“கடலூர்த் தண்ணியில வளராத முடி, சிதம்பரத் தண்ணி பட்ட ஒடனே வளந்துடுச்சு பாத்தியா தங்கச்சி?” என்றார்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, நோட்டில், ‘சிதம்பரம் தண்ணீர் முடிக்கு நல்லது’ என்று எழுதிக்கொண்டேன். அத்தை அடுத்த ஆண்டு ஆனியில் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை பாடம் நடத்தினாள். வேண்டாம் என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பூனைக் குட்டிகளுக்கும் பாசஞ்சருக்கும் நடுவே, 1965 ஐப்பசி, ஞாயிறு என்று தேதியிட்ட ஒரு குறிப்பு உண்டு. ‘இன்று சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். அப்பா வாசிக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டார். அப்பா விட்டது இதுதான் முதல் தடவை.’ பல வருஷம் வரை, அப்பா வாழ்க்கையில் செய்த ஒரே பிழை என்று இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். “கண்ணு அப்பவே மங்க ஆரம்பிச்சுடுச்சு பாப்பா” என்று ஒப்புக்கொள்வார்.

ஒன்பதே கால் என்ற அந்த வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இருக்கிறது. அன்று எல்லோரும் போன பிறகு, அடித்தல் திருத்தல் இல்லாமல், அளவுகோல் வைத்து நேராக நான் போட்டது. அடுத்த முறை அந்த அம்மாள் வரும்போதாவது அப்பா தவறவிடாமல் வாசிக்கட்டும் என்று.